கடற்கரை மணலும் ஃபேட் பைக் பிரேக்கும்: ஷிமானோ எம்டி200 ஒரு மதிப்பீடு

கடலூர் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ ஃபேட் பைக் (தடித்த டயர் சைக்கிள்) ஓட்டுகிறவர்களுக்கு மணலில் பிரேக் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. மிதிப்பதை நிறுத்தினாலே நாலு இஞ்ச் டயர் தானாக நின்றுவிடும். பிரேக்கின் அருமை தெரிவது திரும்பி வரும்போது, பஸ்ஸும் லாரியும் விரையும் கடலூர்–புதுச்சேரி சாலையில்தான். அதற்குள் மணலும் உப்பும் தங்கள் வேலையைக் காட்டியிருக்கும். ஆகவே எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதைவிட, கடற்கரையில் அலைந்த பிறகும் முன்போலவே பிடிக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

குறைந்த விலை ஃபேட் பைக்குகளில் பெரும்பாலும் கேபிளால் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்தான் வருகிறது. அவற்றில் பலவற்றில் ஒரு பக்கத்துப் பேட் (பிரேக் கட்டை) மட்டுமே நகர்ந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை லேசாக வளைத்து மறுபக்கத்துப் பேடின் மேல் அழுத்துகிறது. பேட் தேயத் தேய, நகராத பேடை அலென் கீயால் திருகி முன்னே கொண்டுவர வேண்டும். அது பெரிய வேலை இல்லை. தொல்லை தருவது கேபிள். அதன் உறைக்குள் இறங்கும் உப்பு ஈரம் உள்கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், லீவர் கனக்கும், விட்ட பிறகும், பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் கை முழுதாகத் திரும்பாமல் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே வரும். மெக்கானிக்கலே போதும் என்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு கேபிளும், அவிட் பிபி7 போல இருபக்கப் பேடையும் திருகிச் சரிசெய்யக்கூடிய காலிப்பரும் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

நான் அதற்குப் பதிலாகப் பொருத்திய ஷிமானோ எம்டி200, அந்த நிறுவனத்தின் ஹைட்ராலிக் வரிசையில் அடிமட்டத்தைச் சேர்ந்தது. மூடிய குழாய்க்குள் எண்ணெய்தான் அழுத்தத்தைக் கடத்துகிறது என்பதால், உப்பு ஈரம் நுழையக் கேபிள் வழி என்று ஒன்று இல்லை. பேடுகளைத் தள்ளும் இரண்டு பிஸ்டன்களும் நகர்வதால் பேடின் தேய்மானம் தானாகவே ஈடாகிவிடுகிறது. ஈரக் கையால் பிடித்தாலும் இரண்டு விரல் அழுத்தம் போதுமாக இருக்கிறது. என் மதிப்பீட்டில் இந்தக் கரைக்கு இதற்கு மேல் விலையுள்ள பிரேக் அவசியமில்லை. முன்சக்கரத்துக்கு மட்டும் 160 மி.மீ. டிஸ்கை விட்டு 180 மி.மீ. போடுவது நல்லது, ஏனெனில் 26 இஞ்ச் ரிம்மில் நாலு இஞ்ச் டயர் ஏறினால் சக்கரத்தின் வெளிவிட்டம் ஏறத்தாழ 29 இஞ்ச் சைக்கிளின் அளவுக்கு வந்துவிடுகிறது, கனமும் அதிகம். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) அந்த அளவை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை என்று பார்த்தால் பேட்தான். இதோடு வருவது ரெசின் (பிசின் கலவை) பேட். சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் ஈர மணலிலும், மழைக்காலத்து ஆரோவில் செம்மண் சேற்றிலும் உலோகப் பேடைவிட விரைவாகத் தேயும். அதற்காக உலோகப் பேடை வாங்கி மாட்டிவிடவும் முடியாது: ரெசினுக்கு மட்டும் என்று முத்திரை குத்திய டிஸ்கை அது அரித்துவிடும்.

வாங்கும் முன் காலிப்பர் பொருந்தும் இடத்தைக் கவனிக்க வேண்டும். எம்டி200 போஸ்ட் மவுண்ட் வகை, அதாவது போல்ட் ஃபோர்க்கின் திசையிலேயே நேராக இறங்கும். ஃபோர்க்கில் ஐஎஸ் மவுண்ட் (போல்ட் பக்கவாட்டில் செல்லும் பழைய அமைப்பு) இருந்தால் அடாப்டர் தேவை. 135 மி.மீ. முன் ஹப் (சக்கரத்தின் மையப் பாகம்) கொண்ட பழைய ஃபேட் பைக்குகள் சிலவற்றில் முன் ஃபோர்க்கிலேயே பின்சக்கர அளவில் மவுண்ட் இருக்கும் என்பதால், முன்பக்க அடாப்டர் என்று கேட்டு வாங்கினால் காலிப்பர் டிஸ்கின் அளவுக்குச் சரியாக அமராது. நம் ஊர் வழக்கப்படி வலது லீவரில் முன் பிரேக் வர வேண்டும். வெளிநாட்டு செட்டுகளில் இது இடம் மாறியிருக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் கறாராக இருங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில் மட்டுமே. மோட்டார் பைக் ஸ்பேர்ஸ் கடையில் "பிரேக் ஆயில்" என்று கேட்டால் கையில் தருவது மோட்டார் வாகனங்களுக்கான டாட் 3 அல்லது டாட் 4. அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். காற்றை வெளியேற்றும் பிளீடிங் கிட்டும் இந்த எண்ணெயும் வைத்திருக்கிற மெக்கானிக் யார் என்று தெரிந்துகொண்ட பிறகே ஹைட்ராலிக்குக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

பராமரிப்பு அதிகமில்லை. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் காலிப்பரைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியின் வேகம் மணலை பிஸ்டன் சீல் வரை தள்ளிவிடும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்கை ஒரு துணியால் மூடுங்கள், ஏனெனில் ரெசின் பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் பெரும்பாலும் அதைத் தூக்கிப் போடுவதுதான் வழி. டிஸ்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையாவது செருகிவையுங்கள். வெறுமனே லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் நுழையாது. உரசல் சத்தம் வந்தால் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாறி மாறி இறுக்கினால் பெரும்பாலும் நடுவில் அமர்ந்துவிடும். கரகரவென்று கேட்டால் அது மணல், பேடைக் கழற்றித் துடைக்காமல் ஓட்ட வேண்டாம். பேடில் உரசும் பொருள் 0.5 மி.மீ. ஆனதும் பேடையும், 1.8 மி.மீ. கனமுள்ள டிஸ்க் 1.5 ஆனதும் டிஸ்கையும் மாற்றிவிட வேண்டும்.