டி4538: துவைப்பதற்கும் ஒரு குறியீடு

கோத்தகிரியில் எனக்குத் தங்கை முறையாகும் பெண் ஒருத்தி மெடிக்கல் கோடிங், அதாவது அமெரிக்க மருத்துவ பில்களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பொருளுக்கும் குறியீடு போடுகிற வேலைக்கான பயிற்சி முடித்திருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, எனக்கு சப்ளைஸ் பிரிவு தர்றாங்களாம். எடுத்துக்கலாமா? நீங்க வருஷக்கணக்கா அதுலதானே இருக்கீங்க?" இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹெச்சிபிசிஎஸ் இரண்டாம் நிலை (கருவிகள், பொருட்கள், சில சேவைகளுக்கான அமெரிக்க பில் குறியீட்டுத் தொகுப்பு) என்றால் என்ன, ஓர் எழுத்தும் நான்கு எண்களும் எப்படிச் சேர்கின்றன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இதைப் படிக்கும் பலருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்லப்போவது அந்தத் தொகுப்பின் ஒரு மூலையைப் பற்றி மட்டும்: கழுவியும் துவைத்தும் மறுபடி பயன்படுத்துகிற பொருட்கள்.

அந்த மூலையை நான் மனதார விரும்புகிறேன். நெபுலைசரில் மருந்து ஊற்றும் கிண்ணமும் குழாயும் சேர்ந்த செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கி எறிகிற வகைக்கு ஏ7003. முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் மாதம் இரண்டு வரை ஏற்கும். கழுவிப் பயன்படுத்துகிற வகைக்கு ஏ7005. ஆறு மாதத்துக்கு ஒன்று. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் கருவியின் ஃபில்டரிலும் இதே பிரிவு உண்டு. எறிவது ஏ7038, கழுவுவது ஏ7039. பார்க்காத நோயாளி, பார்க்காத ஊர். ஆனாலும் ஏ7005 என்று ஒரு வரி வந்தால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் அதைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார் என்று குன்னூரில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரிந்துவிடும். இங்கே மருந்துக் கடையில் இரண்டுக்கும் பெயர் 'நெப் கிட்'. பில்லில் இரண்டுக்கும் அதே 9019 என்ற ஜிஎஸ்டி பொருள் எண். கொதிநீரில் போடலாமா கூடாதா என்று கேட்டால், கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஆனால் என்னை உண்மையிலேயே அசர வைத்தது டி வரிசைதான். மாநில மெடிகெய்டு (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு) திட்டங்களுக்காக ஏற்படுத்திய குறியீடுகள் அவை. டி4521-இல் தொடங்கி, பெரியவர்களுக்கான டயப்பர்கள் அளவு வாரியாக வரும். டி4536 துவைத்து அணியும் உள்ளாடை, டி4537 துவைக்கும் அண்டர்பேட் (நோயாளிக்கு அடியில் விரிக்கும், ஈரம் உறிஞ்சும் விரிப்பு), படுக்கை அளவு. டி4539 துவைக்கும் டயப்பர், டி4540 நாற்காலி அளவு அண்டர்பேட். இவற்றுக்கு நடுவே டி4538. அது பொருளே கிடையாது, சேவை. அழுக்கான துணி டயப்பரை எடுத்துப்போய், துவைத்துத் திருப்பித் தருவதற்கான குறியீடு. ஒவ்வொரு டயப்பருக்கும் ஓர் அலகு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மாமியார் பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. குப்பைத் தொட்டியைக் கரடியும் காட்டுமாடும் கிளறுகிற ஊர் இது. எறியும் பேடுகளைக் குறைக்கலாம் என்று துணி அண்டர்பேட் வாங்கினோம். வெயில் காலத்தில் அருமையான பொருள். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நாள் முழுக்க மழை, மழை விட்டால் மஞ்சு. பேடின் மேல்துணி காய்ந்தது போலக் கைக்குத் தெரியும்; நடுவில் இருக்கிற உறிஞ்சும் அடுக்கு ஈரமாகவே இருக்கும். அழுத்திப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும், மறுநாள் வாடை வந்துவிடும். கரி அடுப்புக்குக் கிட்டே கொண்டுபோனாலோ இஸ்திரிப் பெட்டியை வைத்தாலோ, அடியில் இருக்கிற நீர்புகாத படலம் சுருங்கி வெடித்துவிடும். அப்புறம் அது வெறும் துணி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர் அடித்துச் சொல்லிவிட்டார்: ஈரம் இருக்கிற பேடை விரித்தால் தோல் ஊறும், படுக்கைப் புண் வரும், ஈரமாகப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம் என்று. ஆக, மற்ற ஊரில் மூன்று பேட் போதும் என்றால் இங்கே அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். துவைப்பது பாதி வேலைதான், காயவைப்பது மீதிப் பாதி.

இந்த வேலைக்கு ஒரு நாட்டின் பில்லில் தனி வரி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். நம் ஊர் மெடிக்கல் பாலிசியின் கடைசிப் பக்கங்களில் 'பட்டியல் 1' என்று காப்பீட்டில் வராத பொருட்கள் இருக்கும். எடுத்துப் பாருங்கள். டயப்பர், எந்த வகையானாலும் கிடையாது. சலவைச் செலவும் கிடையாது. நெபுலைசர் கிட்டும் அதே பட்டியலில் இருக்கிறது. எறிந்தாலும் நம் காசு, துவைத்தாலும் நம் காசு. 2025 செப்டம்பர் 22 முதல் கிளினிக்கல் டயப்பருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. துவைக்கிற கைக்கு அதில் ஒன்றும் இல்லை.

இவ்வளவு பாராட்டிவிட்டேன். இனி, என்னைத் தினமும் எரிச்சல்படுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

டி4538 டயப்பருக்கு மட்டும்தான். அண்டர்பேடைத் துவைத்துத் தரும் சேவைக்கு அந்த வரிசையில் குறியீடே இல்லை. எது கனமானது? எது காய நேரம் எடுப்பது? எது ராத்திரி இரண்டு தடவை மாற்ற வேண்டியது? அண்டர்பேட்தான். இந்த வேலையை ஒரு நாள் வீட்டில் செய்து பார்த்த யாரும் இதை விட்டிருக்க மாட்டார்கள்.

அது போதாதென்று, அந்த ஒரே துணிக்கு இரண்டு வீடு. ஏ வரிசையில் ஏ4553, துவைக்கும் அண்டர்பேட், எல்லா அளவும் ஒன்றே. டி வரிசையில் படுக்கைக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று. மெடிகேர் இதற்குப் பணம் தராது. மெடிகெய்டு தருகிற இடத்தில் எந்தக் குறியீடு, வருடத்துக்கு எத்தனை, முன் அனுமதி வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அடுத்தது க்ளெய்ம் படிவத்தின் 24ஜி கட்டத்தில் போடும் எண்ணிக்கை. எறியும் டயப்பரில் ஓர் அலகு என்றால் ஒரு தடவை பயன்படுத்தியது. டி4537-இல் ஓர் அலகு என்றால் மாதக்கணக்கில் உழைக்கப்போகிற ஒரு பேட். டி4538-இல் ஓர் அலகு என்றால் ஒரு டயப்பருக்கான துவைப்பு. மூன்றும் அதே கட்டத்தில், அதே '1' ஆக நிற்கும். மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிற ஆட்களிடமிருந்து திரும்பி வரும் க்ளெய்ம்களைத்தான் நான் நடுராத்திரியில், வெளியே மழை பெய்துகொண்டிருக்க, ஒவ்வொன்றாகத் திறந்து விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரமும் ஒரு கட்டு வந்தது. எல்லாம் டி4537.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். துவைத்தும் கழுவியும் பயன்படுத்துவது எல்லா இடத்திலும் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. சிறுநீர் கழிக்க அவ்வப்போது செருகி எடுக்கும் கதீட்டருக்கு 2008 ஏப்ரல் வரை மெடிகேர் பொதுவாக மாதம் நான்குதான் கொடுத்தது. கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கிருமித்தொற்று வந்ததை ஆதாரத்தோடு காட்டியவர்களுக்குத்தான் அதற்கு மேல். பிறகு மாதம் 200 வரை, ஒவ்வொரு தடவையும் புதியது என்று மாற்றினார்கள். அது சரியான மாற்றம். உடம்புக்கு உள்ளே போகிற குழாயும், உடம்புக்கு அடியில் விரிக்கிற துணியும் ஒன்றாகாது. குறியீட்டுத் தொகுப்பு அப்படியே நிற்க, மேலே இருக்கிற விதி மட்டும் இப்படி மாற முடிகிறது என்பது அதன் பலம் என்றே நினைக்கிறேன்.

சரி, தங்கைக்கு என்ன பதில்? வேலையில் அர்த்தம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆபரேஷன் குறியீடுகளில் கிடைக்காத ஒன்று, ஒரு வீட்டில் நோயாளியை யார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது, இதில் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரேடியாலஜி கொடுத்தால் அதை எடு. இரண்டு வருஷம் கையைப் பழக்கிக்கொண்டு வா.

இல்லை, இதுதான் வேண்டும் என்று நிற்கிறாய் என்றால், சேர்ந்த முதல் வாரமே மாநில வாரியாக ஒரு தாள் போட்டுக்கொள். இடது பக்கம் ஏ4553, வலது பக்கம் டி4537, டி4540. எந்த மாநிலம் எதை ஏற்கிறது, வருடத்துக்கு எத்தனை என்று எழுதி, காலாண்டு மாற்றம் வரும்போதெல்லாம் திருத்து. என் தாளை அனுப்புகிறேன், ஆனால் அதை அப்படியே நம்பாதே. ஒவ்வொரு வரியையும் நீயே சரிபார்.