பக்கத்தில் நிற்கும் ரோபோவையே அனுப்பாதீர்கள்: இரண்டு வருட ரோந்து அனுபவம்

சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே மூன்று, வெளியே இரண்டு என்று ஐந்து ரோந்து ரோபோக்கள் எங்களோடு இரண்டு வருடமாக வேலை செய்கின்றன. கேமராவில் குறை இல்லை. எதை எங்கே அனுப்புவது என்பதில்தான் நிறையப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

முதல் எட்டு மாதம் ஒரே விதி: அலாரம் அடித்த இடத்துக்கு எது பக்கமோ அது போகும். ஒரு மழை இரவில் லோடிங் பே ஷட்டர்கள் காற்றில் ஆடி, பத்து நிமிடத்தில் நான்கு அலாரம். நான்கு ரோபோக்களும் அங்கே போய் நின்றன, ஐந்தாவது சார்ஜில். பின்பக்க வேலியை முக்கால் மணி நேரம் யாருமே பார்க்கவில்லை. எதுவும் திருடு போகவில்லை என்றாலும் அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் ஏல முறைக்கு மாறினோம். 1980இல் கணினி அறிவியலாளர் ரீட் ஸ்மித் முன்வைத்த பழைய யோசனைதான் இது. நாங்கள் போட்டது, ரோபோக்களை ஒருங்கிணைக்கும் ஓப்பன் ஆர்எம்எஃப் என்ற திறமூல மென்பொருள். வேலை வந்ததும் அறிவிப்பு போகும். உள் அணியும் வெளி அணியும் பேட்டரி, தூரம், கையில் இருக்கும் வேலை எல்லாம் கணக்கிட்டு விலை சொல்லும். விலை என்றால் பணம் இல்லை, அந்த வேலை எவ்வளவு சிரமம் என்பதற்கான ஓர் எண். குறைந்த விலை சொன்ன அணிக்கு வேலை. வெவ்வேறு கம்பெனி ரோபோக்கள் ஒரே ஏலத்தில் கலந்துகொள்வது பெரிய நிம்மதி.

ஆனால் ஏலம் மட்டும் போதாது. ஒரு ரோபோ கிளம்பினால் அது விட்டுப்போகும் இடம் காலியாகிறதே, அதற்கும் விலை வேண்டும். எங்கள் இன்ஜினியர் தம்பி சின்னதாக ஒரு நிரல் எழுதினார்: எந்தப் பகுதியும் இருபது நிமிடம் பார்க்கப்படாமல் இருந்தால் அதுவே ஒரு வேலையாக ஏலத்துக்கு வரும். எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய மாற்றம் இதுதான். சார்ஜுக்குத் திரும்பும் அளவையும் 10 சதவீதத்திலிருந்து 30க்கு ஏற்றினோம். திடீர் அலாரத்துக்கு ஓட மிச்சம் இருக்க வேண்டுமல்லவா?

தீராதது ஒன்று உண்டு. இரும்பு ரேக்குகளுக்கு நடுவே வைஃபை போய்விடும். அங்கே இருக்கும் ரோபோவுக்கு ஏல அறிவிப்பே எட்டாது. மைய சர்வர் இல்லாமல் ரோபோக்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும் சிபிபிஏ முறை 2009லேயே வந்துவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். அதுவரை அந்த வரிசையை இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நாங்களே நடந்து பார்க்கிறோம்.