குயின்ஸ்டவுன் மலை உச்சியில் மதியச் சாப்பாடு: ஹெலிகாப்டரா, ரோப் காரா, காரா, காலா?

நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் குயின்ஸ்டவுனில் இரண்டு மூன்று நாளாவது தங்குவார்கள். வகாட்டிப்பு ஏரிக்கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 310 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அங்கே கடைவீதியில் நடந்தால் ஹெலிகாப்டர் பிக்னிக் விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது: மலை முகட்டில் விரித்த ஜமுக்காளம், பக்கத்தில் ஒரு கூடை, கீழே நீல ஏரி. படத்தில் இருப்பது பொய்யில்லை, அங்கே போனால் அப்படியேதான் இருக்கும். ஆனால் ஆளுக்குச் சில நூறு நியூசிலாந்து டாலர் ஆகும். தனியாக ஹெலிகாப்டரை எடுத்து நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டு வர வேண்டுமென்றால் ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா, இதே உயரத்தில் உட்கார வேறு வழி இருக்கிறதா என்று யாருக்கும் தோன்றும்.

இருக்கிறது. ஊரை ஒட்டிய பாப்ஸ் பீக் மேட்டுக்கு ரோப் கார் போகிறது. ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடரில் பாதிக்கு மேல் கார் போகும், அங்கிருந்து ஆல்டா ஏரிக்கு நடக்கலாம். பென் லோமண்ட் சிகரத்துக்கு நடந்தே ஏறலாம். இந்த மூன்றையும் ஹெலிகாப்டருக்கு எதிரே வைத்துப் பார்க்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. மேலே எவ்வளவு நேரம் நிம்மதியாக உட்கார முடியும், அங்கே நம்மைத் தவிர யார் இருப்பார்கள், நம்மோடு வருகிறவர்களின் உடம்புக்கு ஒத்துவருமா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

ரோப் காரை முதலில் முடித்துவிடுகிறேன். 1967இல் தொடங்கியது. ஊர் நடுவிலிருந்து ஏறினால் சில நிமிடங்களில் ஏரி மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் மேலே இறக்கிவிடும். போய்வர ஆளுக்கு நூறு டாலருக்குள் அடங்கிவிடும், குழந்தைகளுக்குச் சறுக்கு வண்டி விளையாட்டும் உண்டு. காட்சியும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பிக்னிக் போகும் இடமில்லை. உணவகம், கடை, கூட்டம் என்று மலைமேல் இருக்கிற ஒரு சுற்றுலா வளாகம் அது. மாலையில் ஒரு காபி குடித்துக்கொண்டு, எதிரே ரிமார்க்கபிள்ஸ் பொன்னிறமாவதைப் பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது. அந்த மலைச்சுவர் மேற்கைப் பார்த்து நிற்பதால் சாயங்கால வெயில் நேராக அதன்மேல் விழும். அதற்காக மட்டும் போகலாம். மலை உச்சியில் தனிமையில் சாப்பிட்டோம் என்ற நிறைவை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஆல்டா ஏரியைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும் இடம் வரைக்கும் மலைமேல் தார்ச்சாலை இருக்கிறது. சுமார் 1600 மீட்டர் உயரத்தில் காரை நிறுத்தலாம். அங்கிருந்து பாறையும் புல்லுமான பாதையில் போய்வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரத்தில், கூர்கூரான சிகரங்கள் மூன்று பக்கமும் சூழ, பனியாறு குடைந்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. தலைக்கு மேலே தெரிவது 2319 மீட்டர் உயரமுள்ள டபுள் கோன். அந்தச் சிகரத்தின் உயரமே ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அந்த ஊரில் ஆயிரம் மீட்டரைத் தாண்டினாலே மரங்கள் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் புல், பாறை, பனி. அதனால் ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சால்வையோடு போனால் நடுங்க வேண்டியதுதான். கோடையிலும் காற்று குத்தும்.

ஏரிக்கரையில் அடுக்கடுக்கான சிஸ்ட் பாறைகள் கிடக்கும். வெயில் பட்டால் அதிலுள்ள அபிரகம் மினுமினுக்கும். உட்கார்ந்து சாப்பிட அகலமான பாறை தேட வேண்டியதே இல்லை. செலவு கார் பெட்ரோல்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், கிளம்புங்கள் என்று சொல்ல ஆளில்லை. குறை ஒன்று உண்டு: பள்ளத்துக்குள் இருப்பதால் அங்கிருந்து வகாட்டிப்பு ஏரி தெரியாது. பரந்த காட்சிதான் வேண்டும் என்றால் இது ஏமாற்றும். மலையின் மடியில் உட்கார்ந்தால் போதும் என்கிறவர்களுக்கு இதுவே போதும், மேற்கொண்டு படிக்கக்கூடத் தேவையில்லை.

பென் லோமண்ட் வேறு கணக்கு. சிகரம் 1748 மீட்டர். ஊரிலிருந்தே நடந்தால் 1400 மீட்டருக்கு மேல் ஏற்றம், போய்வர ஆறு முதல் எட்டு மணி நேரம். ரோப் காரில் ஏறி அங்கிருந்து தொடங்கினால் முதல் செங்குத்து ஏற்றம் நமக்கு மிச்சமாகும். காடு முடிந்ததும் இடுப்பளவு டஸ்ஸக் புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழும் திறந்த சரிவு. 1326 மீட்டரில் ஒரு கணவாய், அதிலே உட்கார ஒரு பெஞ்சும் உண்டு. உண்மையைச் சொன்னால் சாப்பிட நல்ல இடம் அந்தக் கணவாய்தான். கடைசி 400 மீட்டர் ஏற்றம் பாறையும் சறுக்கலும். அதை முடித்து உச்சியில் நிற்கும்போது, வானம் தெளிவாக இருந்தால் 3033 மீட்டர் உயர ஆஸ்பயரிங் சிகரம்வரை தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் ருசிக்கும். வழியில் குடிதண்ணீர் கிடையாது, முழுவதையும் சுமந்துதான் போக வேண்டும். குளிர்காலத்திலும் அதன் பிறகு கொஞ்ச காலமும் மேலே பனிக்கட்டியும் பனிச்சரிவும் இருக்கும். அனுபவமும் கருவியும் இல்லாதவர்கள் கணவாயோடு திரும்பிவிடுவது நல்லது.

சரி, ஹெலிகாப்டர். இதில் எனக்கு அழுத்தமான ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. பணம் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் தவறான பொருளுக்குக் கொடுக்கிறார்கள். எத்தனை நிமிடம் பறப்போம் என்று கேட்கிறார்களே தவிர, எத்தனை நிமிடம் தரையில் இருப்போம் என்று கேட்பதில்லை. மலிவான பயணத்தில் “உச்சியில் இறங்குதல்” என்று எழுதியிருப்பது பலசமயம் பத்து நிமிடம்தான். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பத்து நிமிடமும் இரைச்சல். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். ஹெலிகாப்டர் மட்டுமே தரக்கூடியது அந்த இரைச்சல் நின்ற பிறகு வருவது. எந்திரம் அணைந்து, விசிறி மெல்ல நின்று, காது பழகியதும் அங்கே வேறு மனிதச் சத்தமே இல்லை என்பது புரியும். அதற்குக் குறைந்தது முக்கால் மணி நேரமாவது வேண்டும்.

அதனால் முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியது: எந்திரத்தை அணைத்துவிட்டு விமானி எங்களோடு காத்திருப்பாரா, அல்லது இறக்கிவிட்டுப் போய் மறுபடி வருவாரா? இறக்கிவிட்டுப் போனால் தனிமை கிடைக்கும், ஆனால் ஹெலிகாப்டர் நான்கு தடவை பறக்கிறது. அந்தச் செலவும் எரிபொருளும் நம் கணக்கில்தான். அங்கே அதிகம் ஓடும் ஸ்க்விரல் ரக ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் 180 லிட்டர் எரிபொருள் குடிக்கும். வானிலை திடீரென்று மாறினால், மேலே ஹெலிகாப்டர் இல்லாமல் நிற்பதைவிட விமானி பக்கத்தில் இருப்பது எவ்வளவோ மேல். நான் காத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் சொல்வேன்.

எங்கே இறங்குவது என்பதும் முக்கியம். பலரும் ரிமார்க்கபிள்ஸ் என்று கேட்டு வாங்குகிறார்கள், பெயர் பிரபலம் என்பதால். ஆனால் அதன்மேல் நின்றால் அந்த அழகான மலைச்சுவர் நம் காலடியில் போய்விடுகிறது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் சிசில் பீக் 1978 மீட்டர். பொதுச்சாலை எதுவும் அங்கே போகாது. அதன் தோளில் இறங்கினால் எதிரே ரிமார்க்கபிள்ஸ் முழுவதும் விரிந்து கிடக்கும், கீழே ஊர், ஏரியில் 1912இல் வெள்ளோட்டம் விட்ட எர்ன்ஸ்லா நீராவிக் கப்பல் கரும்புகையை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போவது தெரியும். பறக்கும் நேரம் பத்து நிமிடத்துக்குள்தான், அதனால் கொடுத்த பணத்தில் அதிகப் பங்கு உட்காரும் நேரத்துக்குப் போகும். மலைகளுக்கிடையே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்கும் பனியாறுகளுக்கும் போகும் நீண்ட பயணங்கள் அற்புதமானவை, மில்ஃபோர்டுக்குச் சாலை வழியில் போனால் ஒரு பக்கத்துக்கே சுமார் 290 கிலோமீட்டர். ஆனால் அவை பறப்பதற்கான பயணங்கள். மழை மிக அதிகமான பகுதி என்பதால் ரத்தாகும் வாய்ப்பும் கூடுதல். சாப்பிட உட்கார அங்கே போக வேண்டாம்.

பாதுகாப்பைப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. 2015 நவம்பரில் ஃபாக்ஸ் பனியாற்றில் சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். சுற்றிக்காட்டப் பறக்க ஏற்ற வானிலை அன்று இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. 2016இல் நியூசிலாந்தின் போக்குவரத்து விபத்து விசாரணை ஆணையம் ராபின்சன் ஹெலிகாப்டர்களில் நிகழும் ஒரு குறிப்பிட்ட வகை விபத்தைத் தன் கவனப் பட்டியலில் சேர்த்தது. இரண்டே விசிறி இலை கொண்ட அந்த அமைப்பில், கொந்தளிப்பான காற்றில் இலையின் அடிப்பகுதி நடுத்தண்டில் மோதும் அபாயம் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. என்ன ரகம் என்று கேளுங்கள், மூன்று இலை கொண்ட ஏர்பஸ் ரகமாக இருந்தால் எனக்குத் திருப்தி. அப்புறம், வடமேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் விமானி வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யத் தயங்காத நிறுவனமே நல்ல நிறுவனம்.

ஏறும்போது எல்லோரையும் எடை போட்டுத்தான் இருக்கையைத் தீர்மானிப்பார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பின்வரிசையில் நான்கு பேர் உட்கார்ந்தால் நடு இருவருக்கு ஜன்னல் கிடையாது. ஆறு பேர் கொண்ட குடும்பம் இதை முன்கூட்டியே பேசி, போகும்போது ஒருவர் வரும்போது ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாமா என்று விமானியிடம் கேட்கலாம். இறங்கியதும் வால் பக்கம் போகவே கூடாது. சரிவில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கமிருந்தும் நெருங்கக் கூடாது, விசிறி அந்தப் பக்கம் தலைமட்டத்துக்கு வந்துவிடும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூடையில் வருவது பெரும்பாலும் சீஸ், பிஸ்கட், பழம், இறைச்சித் துண்டுகள், ஒயின். சைவம் என்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சாப்பாடு வேண்டுமென்றால் ஊரில் சமையலறை உள்ள அறை எடுத்து, கடையில் அரிசியும் தயிரும் வாங்கித் தாளித்துக் கொண்டுபோவதுதான் வழி. ஊரிலிருந்து கொண்டுபோனால், நியூசிலாந்தில் இறங்கும்போதே விமான நிலையத்தில் உணவு அத்தனையையும் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துப் போகவே வேண்டாம். மேலே கியா கிளி வரும். ஆலிவ் பச்சை, இறக்கையை விரித்தால் அடியில் ஆரஞ்சு நிறம். வளைந்த அலகால் பையின் ஜிப்பைப் பிடித்து இழுக்கும், டப்பாவைத் திறந்து வைத்தால் தூக்கிப் போய்விடும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் எதையும் கொடுக்காதீர்கள். அழிந்துவரும் பறவை, நம் சாப்பாடு அதைக் கெடுக்கும். பாறைகளுக்கிடையே மெத்தைபோல் படர்ந்திருக்கும் செடிகள்மீது ஜமுக்காளம் விரிக்கவும் வேண்டாம். அவை அந்த அளவு வளர மிக நீண்ட காலம் ஆகும்.

என் முடிவு ஆளைப் பொறுத்தது. நடக்க முடிகிற இருவர் என்றால் ஆல்டா ஏரிக்கு ஒரு நாள், பென் லோமண்ட் கணவாய்க்கு ஒரு நாள், ஹெலிகாப்டரை யோசிக்கவே வேண்டாம். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கும் ஆல்டாவே என் முதல் தேர்வு. ஆனால் கூட வயதான பெற்றோர் வந்தால் எல்லாம் மாறுகிறது. என் மாமியாருக்கு முழங்கால் தேய்மானம். ரோப் கார் மேடைக்கு மேல் அவரால் எந்த மலையும் ஏற முடியாது. சிசில் பீக்கில் இறங்கியதும் ஒரு கல்லில் உட்கார்ந்து, தூக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் சாப்பிடாமலே இருந்தார். எழுந்து நாலடி நடந்தாலே போதும், நான்கு பக்கமும் அவருக்கும் தெரிந்தது. இப்படிப்பட்டவர்களை உச்சிக்குக் கொண்டுசெல்ல வேறு வழியே கிடையாது. இவர்களுக்காகக் கொடுக்கும் அந்தப் பணத்தை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

டிசம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். வெயில் சுருக்கென்று தோலைச் சுடும், சன்ஸ்கிரீன் கட்டாயம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் குயின்ஸ்டவுனில் இறங்கிய முதல் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடி அன்று ரத்தானால், அடுத்த நாளுக்கோ அதற்கடுத்த நாளுக்கோ தள்ளிவைக்க இடம் இருக்கும்.