திருவக்கரை கல்மரப் பூங்கா: மரக்கடைக்காரன் பார்வையில்

நான் மரக்கடையில் வேலை பார்க்கிறவன். லாரியிலிருந்து தடி இறங்கியதும் முதலில் பார்ப்பது அதன் வெட்டு முகத்தைத்தான். நடுவில் வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதி எவ்வளவு, ஓரத்தில் வெள்ளையான இளம் பகுதி எவ்வளவு, நடுவில் பொந்து உண்டா, கணு எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவோம். பழங்கால மரங்கள் அப்படியே கல்லாகிக் கிடக்கும் திருவக்கரைக்குப் போனவர்கள் பலர் "சும்மா கல்லு கெடக்கு, பத்து நிமிஷத்துல பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெட்டு முகம் பார்க்கத் தெரிந்தால் அங்கே ஒரு முழுக் காலைப்பொழுதும் போதாது.

இடம் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, மயிலம் பக்கம். வக்கரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஊர் தெரிந்திருக்கும். கோயிலிலிருந்து பூங்கா கூப்பிடு தூரம்தான். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது துண்டுகளாக. நாம் சுற்றிப் பார்ப்பது அதில் சின்னப் பகுதிதான், ஆனாலும் அதற்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள். கிட்டத்தட்ட 200 மரங்கள் இங்கே கிடப்பதாகக் கணக்கு. சில 3 மீட்டர், சில 15 மீட்டர் நீளம் வரை. நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. கிளை இல்லை, இலை இல்லை, வேரும் இல்லை. இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இங்கேயே வளர்ந்து இங்கேயே விழுந்த மரமாக இருந்தால் அடியில் வேர்க்கட்டையாவது நிற்கும். இவை எங்கோ மேட்டில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வழியெல்லாம் மோதிக் கிளையும் வேரும் ஒடிந்து, ஆற்று மணலில் புதைந்தவை. அந்த மணல்தான் இறுகி, இன்று கடலூர் மணற்கல் என்று சொல்லும் பாறையாகியிருக்கிறது.

புதைந்தது சீக்கிரம் நடந்ததால்தான் மரம் தப்பியது. மண்ணுக்கு மேலே கிடந்தால் காளானும் கரையானும் சில வருஷத்தில் முடித்துவிடும். காற்றுப் படாத ஆழத்தில் அழுகல் மெதுவாகும். அதற்குள், மணலில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமம் கரைந்த நிலத்தடி நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து உறைகிறது. அச்சில் வார்த்த சிலை மாதிரி மேல் வடிவம் மட்டும் நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அறைக்கு அறை உள்ளேயும் அந்த அமைப்பு அப்படியே நிற்கிறது. அதனால்தான் கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து இது என்ன இன மரம் என்று சொல்ல முடிகிறது. அப்படிப் பார்த்துக் கண்டுபிடித்ததில் ஊசியிலை மரமும் இருக்கிறது, மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம் என்று பெயர். புளி, மருது, குங்கிலியக் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் இருக்கின்றன. மருதும் புளியும் நான் தினமும் கைவைக்கிற மரங்கள். அவற்றின் சொந்தம் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் வெள்ளத்தில் மிதந்து வந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

என் பெரியப்பா தச்சு வேலை செய்தவர், அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு பெரிய தடி குறுக்கே துண்டு துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டின் முகமும் மரம் அறுக்கும் வாள் போட்ட மாதிரி நேர். பக்கத்தில் நின்ற ஒருவர், "யாரோ மெஷின் வச்சு அறுத்துட்டாங்க" என்றார். பெரியப்பா குனிந்து, தொடாமல் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அறுத்தது இல்ல தம்பி. அறுத்திருந்தா வாள் ஓடின கோடு வரிவரியா தெரியும். இது முறிஞ்சது."

அவர் சொன்னது சரி. மரம் வளையும், கல் வளையாது. மண் அசையும்போது, அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் கல்லாகிப்போன தடி குறுக்கே பட்டென்று முறிகிறது. உயிர் மரம் முறிந்தால் சிராய் சிராயாக நீட்டிக்கொண்டிருக்கும், இங்கே ஒரு சிராய்கூட இல்லை. அந்த நேரான முகத்தில்தான் பார்க்க வேண்டியது அத்தனையும் இருக்கிறது. நடுவில் குருத்து, அதைச் சுற்றி வளையங்கள். ஒரு தடியில் வளையங்கள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் அகன்றும் இருந்தன. சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தில் இப்படி வரும், கடையில் அடிக்கடி பார்க்கிறோம். இன்னொரு தடியின் பக்கவாட்டில் கணு. ரேகை நேராக வந்து, கணுவை நெருங்கியதும் விலகி, சுற்றிக்கொண்டு, மறுபக்கம் சேர்ந்து ஓடுகிறது. அந்த இடத்தில் ஒரு கிளை இருந்திருக்கிறது. பெரியப்பா அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டார்.

நிறத்தைப் பார்த்து இனம் சொல்ல முயலாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் உள்ளே இறங்கிய இரும்பின் வேலை, மரத்தின் சொந்த நிறம் இல்லை. எடையும் அப்படித்தான். ஒரு கன அடி தேக்கு 20 கிலோவுக்குள் அடங்கும், இந்தக் கல் அதே அளவில் 60 கிலோவைத் தாண்டும்.

இதை வேறோர் ஊர் அருங்காட்சியகத்தில் பார்த்ததோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று மெருகேற்றிய கல்மரத் துண்டு ஒன்று. அழகுதான். ஆனால் சீட்டில் "கல்மரம்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. எந்த ஊர்ப் பாறை, எந்த இனம், படுத்துக் கிடந்ததா நின்றதா, கூட என்ன கிடைத்தது, ஒன்றும் தெரியாது. முழுத் தடியைக் கிடந்த இடத்திலேயே விட்டுவைத்திருப்பதுதான் திருவக்கரையின் பெரிய பலம். வெள்ளம், மணல், புதைவு எல்லாவற்றையும் நம் கண்ணாலேயே கோத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பெருமாள் வக்கராசுரனை வதம் செய்தபோது சிதறிய எலும்புகள் இவை என்று. அந்தக் கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள். எலும்போ மரமோ, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று அந்த ஊர் கண்டுகொண்டிருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்தில் இதை முதலில் பதிவு செய்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா, 1781-இல். நம் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பதும் அவர் பெயர்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கல் சூடாகி நிற்க முடியாது, அதோடு சாய்வான காலை வெளிச்சத்தில்தான் ரேகையும் வளையமும் எடுப்பாகத் தெரியும். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் பிள்ளைகள் நகரமாட்டார்கள். பௌர்ணமியன்று கோயிலில் பெருங்கூட்டம் இருக்கும், அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

தடியின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் சில்லை ஒருவர் பையில் போடுவதைப் பார்த்து வயிறு எரிந்தது. வெட்டிய மரத்துக்குப் பதில் இன்னொன்று நடலாம், இதற்கு அந்த வழி இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை வாசலிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

பிடித்துப்போனால் அடுத்து பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குப் போங்கள். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே கல்மரம், 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளி உலகுக்குத் தெரியப்படுத்தியது. திருவக்கரை மரங்களைவிடப் பல மடங்கு பழசு, டைனோசர் காலத்தது. எங்கள் அடுத்த பயணம் அங்கேதான், பெரியப்பா இப்போதே அளவுநாடாவை எடுத்து வைத்துவிட்டார்.