டயமண்ட் கப், பொலிஷிங் பேட் ஒன்லைனில் வாங்குகிறவர்கள் கவனம்: 46,800 ரூபா போச்சு

46,800 ரூபா. பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, கொழும்பிலிருந்து கூரியரில் சாமான் அனுப்பும் ஒரு டூல்ஸ் கடைக்குப் போன காசு. பெயர் போடவில்லை. போட்டால் பதிவைத் தூக்க வைப்பார்கள், அந்தப் பெயரும் அடுத்த மாதம் இருக்காது. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சீமெந்து நிலம், டெரசோ நிலம் உரஞ்சிப் பொலிஷ் பண்ணுகிற மேசன்மாரும், வாடகைக்கு மெஷின் எடுத்துச் சொந்த வீட்டை உரஞ்ச நினைக்கிறவர்களும் இதை ஒருக்கால் முழுசாக வாசியுங்கள். சரியான டிஸ்க்கைத் தெரிவு செய்வது எப்படி என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஓடர் இதுதான். கிரைண்டரில் மாட்டி நிலத்தை உரஞ்சும் நாலு அங்குல டயமண்ட் கப், 30/40 கிரிட் (துகளின் அளவு, நம்பர் கூடக் கூட நைஸ்), நாலு: ஒன்று 4,500 வீதம் 18,000. பிறகு பொலிஷ் பண்ண, தண்ணீர் விட்டு ஓட்டும் ரெசின் பேட், 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஏழு பேட் கொண்ட செட் நாலு: பேட் ஒன்று 1,000 வீதம் 28,000. கூரியர் 800. மொத்தக் காசும் முன்கூட்டியே வங்கியில் போட வேண்டும் என்றார்கள். "டயமண்ட் சாமான் கேஷ் ஒன் டெலிவரி இல்ல அண்ணா, ஆக்கள் வாங்காம திருப்பி அனுப்பிருவாங்க."

இங்குள்ள ஹாட்வெயார்களில் கட்டிங் வீல், ஃபிளாப் டிஸ்க் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஃபிளாப் டிஸ்க் என்பது துணியில் ஒட்டிய உரஞ்சுதாள் மடிப்பு, சீமெந்து நிலத்தில் அதை வைத்தால் கொஞ்ச நேரத்தில் துணிதான் மிஞ்சும். கப் கேட்டால் "டயமண்ட் கப்" என்று ஒன்றை எடுத்துத் தருவார்கள், என்ன பொண்ட் என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தப் பொண்ட் விசயம்தான் எல்லாவற்றுக்கும் அடி.

கப்பின் பல்லில் டயமண்ட் துகள் உலோகத் தூளுக்குள் புதைந்திருக்கும். நிலத்தை வெட்டுவது டயமண்ட், அதைப் பிடித்து வைத்திருப்பது உலோகம், அந்த உலோகம்தான் பொண்ட். ஓடும்போது கிளம்பும் மணல் உலோகத்தைத் தேய்க்கும், பழைய துகள் மழுங்கி உதிரும், உள்ளிருந்து புதிய துகள் தலை காட்டும். மணல் கூடிய இளகிய நிலம் உலோகத்தை வேகமாகத் தின்னும், அதற்கு ஹார்ட் பொண்ட் வேண்டும். இறுகிய, வழுவழுப்பான கொங்கிரீட்டில் வருவது மா மாதிரி நைஸ் தூள், அது உலோகத்தைத் தேய்க்காது, அதற்கு சொஃப்ட் பொண்ட் வேண்டும். இறுகிய நிலத்துக்கு சொஃப்ட் பொண்ட், இளகிய நிலத்துக்கு ஹார்ட் பொண்ட். மாறிப் போட்டால் ஒன்றில் பல் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு வழுக்கும், இல்லையென்றால் சோப்புக் கட்டி போலக் கரையும்.

எங்கள் பக்கத்துப் பழைய வீட்டு நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே வெறும் சீமெந்தைத் தேய்த்து மினுக்கிய தோல், ஒன்று இரண்டு மில்லிமீற்றர்தான், நல்ல இறுக்கம். அதன் கீழே மணல் கூடிய சாந்து. தோல் இருக்கும்வரை ஒரு பொண்ட் கேட்கும், தோல் போனதும் மற்றப் பொண்ட் கேட்கும்.

அந்தக் கடைக்காரன் போனில் இதைத்தான் சொன்னான். விளம்பரத்தைப் பார்த்து யாரும் 46,800 போட மாட்டார்கள். அவன் எடுத்த உடனே கேட்டது: "அண்ணா, நிலம் எந்தக் காலத்துக் கட்டு? மேல தேய்ப்பு இருக்கா? ஆணியால கீறினா வெள்ளைக் கோடு விழுதா, மணல் உதிருதா?" தோல் போனதும் மணல் வரும், அதனால் இரண்டு கப் சொஃப்ட், இரண்டு கப் ஹார்ட் எடுங்கள் என்றான். டெரசோவில் மார்பிள் சல்லி இருப்பதால் 30/40க்குக் கீழே போகாதீர்கள், சல்லி பிய்ந்து குழி விழும் என்றான். எல்லாம் சரியான பேச்சு. இவ்வளவு தெரிந்தவன் சாமானில் கை வைக்க மாட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவனுக்கு விசயம் தெரிந்திருக்கிறது, அதை வைத்தே பிழைக்கிறான். தெரியாதவன் ஏமாற்றினால் இவ்வளவு வயிறு எரியாது.

இனி வந்த சாமான்.

நாலு கப்பும் ஒரே கப். பெட்டியில் ஸ்டிக்கர் மட்டும் வேறு, இரண்டில் "சொஃப்ட்", இரண்டில் "ஹார்ட்" என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. கப்பின் முதுகில் கிரிட் இல்லை, உச்ச வேகம் இல்லை, சுற்றும் திசைக் குறி இல்லை. நாலு அங்குல கிரைண்டருக்கு 16 மில்லிமீற்றர் துளை என்று எழுதித்தான் ஓடர் போட்டது. வந்தது 22.23 துளை, ஐந்து அங்குலத்துக்கும் ஏழு அங்குலத்துக்கும் உரியது. அதை 16 ஆக்க ஒரு பிளாஸ்டிக் வளையம்! நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்றுச் சுற்றும் மெஷினில் பிளாஸ்டிக் வளையத்தை நம்பிக் கப் மாட்டினால் மையம் விலகும், கை அதிரும், நிலத்தில் பிறை பிறையாக வெட்டு விழும். அந்த வெட்டை எடுக்கவே இன்னொரு கப் வேண்டும். சரியான உலோக வளையம் போட்டு ஓட்டியதில் தோல் இருந்த இடத்தில் கொஞ்சம் வெட்டியது. மறுகா மணல் வந்ததும் பல் கரைந்தது. ஒரு அறை முடிய முன்னமே ஐந்து மில்லிமீற்றர்ப் பல் இரும்போடு இரும்பாக நின்றது. "ஹார்ட்" என்று எழுதிய கப்பும் அதே கதை.

பேட் அதைவிட மோசம். 50 போட்டு ஓட்டினால் சேறு சாம்பல் வெள்ளையாக, பால் மாதிரி வர வேண்டும், அது நிலம் தேய்கிறது என்பதன் அடையாளம். இதில் வந்தது சிவப்புச் சேறு. பேட்டின் நிறம். தேய்ந்தது பேட், நிலம் அப்படியே கிடந்தது. வெள்ளைச் சீமெந்து டெரசோவில் அந்தச் சிவப்பு ஏறி, துடைத்தும் போகாமல், அதை எடுக்க வேறொரு நல்ல பேட்டால் திரும்பவும் உரஞ்ச வேண்டியதாயிற்று. 100 போட்டும் 200 போட்டும் கீறலைப் போன் கமராவில் பெருப்பித்துப் பார்த்தால் ஒரே அகலம். நம்பரும் சாயமும்தான் மாறியிருக்கிறது, உள்ளே போட்ட தூள் ஒன்று. அது டயமண்டே இல்லை, சிலிக்கன் காபைட் என்ற மலிவான உரஞ்சு தூளாகத்தான் இருக்க வேண்டும். "கண்ணாடியில கீறிப் பாருங்க அண்ணா, ஒரிஜினல்" என்று வீடியோ அனுப்பியிருந்தான். கண்ணாடியைச் சிலிக்கன் காபைடும் கீறும், அலுமினியம் ஒக்சைடும் கீறும். அந்தச் சோதனை ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை.

இப்போது சாட்டுகள். முதல் மெசேஜுக்கு: "தண்ணி கூடிப்போச்சு போல, குறைச்சுப் பாருங்க." குறைத்த வீடியோவை அனுப்பியதும்: "தண்ணி காணாதே அண்ணா, பேட் சூடாகிட்டு." பிறகு மெஷின் பிழையாம். வேகம் மாற்றக்கூடிய வெட் பொலிஷர், 2,500 சுற்றில் ஓடியது, டயலின் படமும் அனுப்பியாயிற்று. அதற்குப் பதில் என்ன தெரியுமா? "சாதா கிரைண்டர்ல போட்டுப் பாருங்க, அதுலதான் ஸ்பீட் வரும்." நாலு அங்குல ரெசின் பேட்டுக்கு 4,500, 5,000 சுற்றுத்தான் உச்சம். சாதா கிரைண்டரில் போட்டால் ரெசின் சூடாகிக் கருகும், பின்னால் உள்ள வெல்க்ரோ கழன்று பேட் பறக்கும். தண்ணீர் விட்டுச் சாதா கிரைண்டரைப் பிடித்தால் கரண்ட் அடிக்கவும் இடமுண்டு. நிலம் எந்தக் காலத்துக் கட்டு என்று கேட்ட அதே ஆள்தான் இதைச் சொன்னது.

காசைத் திருப்பித் தா என்றதும் பேச்சு மாறியது. "பாவிச்ச சாமான் எடுக்க மாட்டம்." பாவிக்காத இரண்டு செட் பேட் பிரிக்காமல் கிடக்கிறதே, அதையாவது எடு என்றால், "மனேஜர்ட்ட கேட்டுச் சொல்றன்." அந்த மனேஜர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. விளம்பரத்தின் கீழே போட்ட கொமென்ட் அழிந்தது, பிறகு பக்கமே தெரியவில்லை, புளொக். வேறு நம்பரிலிருந்து எடுத்தால் அதே குரல், அதே அன்பு: "சொல்லுங்க அண்ணா, நிலம் எந்தக் காலத்துக் கட்டு?" 46,800 ரூபாவை விழுங்கிவிட்டு அடுத்த ஆளுக்கு அதே கேள்வி.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் முறைப்பாடு சொல்லலாம். சொல்கிறவர்கள் வங்கி ஸ்லிப், கூரியர் பில், மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் புளொக் ஆவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். கூரியர்ப் பையில் உள்ள அனுப்புநர் முகவரியைக் கிழித்து எறியாதீர்கள், பல நேரம் அது மட்டும்தான் கையில் இருக்கும்.

டிஸ்க் தெரிவு பற்றி விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். கை பதறுகிறது, அவசரத்துக்கு இவ்வளவுதான்.

முதுகில் கிரிட், உச்ச வேகம், துளை அளவு மூன்றும் அச்சில் இல்லாத கப்பை வாங்காதீர்கள். ஸ்டிக்கர் அச்சு இல்லை.

நாலு கப் ஒருமிக்க வேண்டாம். ஒன்று வாங்கி, நிலத்தின் மூலையில் ஓட்டி, ஓட்டுமுன்னும் பின்னும் பல்லின் உயரத்தை வேனியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். பல் மினுங்கினால் பழுது என்று எறிய வேண்டாம், ஒரு சீமெந்துக் கல்லில் கொஞ்சம் ஓட்டினால் திரும்ப வாய் திறக்கும். திரும்பத் திரும்ப மினுங்கினால் பொண்ட் பிழை.

பேட்டுக்கு 50ஐ மட்டும் முதலில் ஓட்டிச் சேற்றின் நிறத்தைப் பாருங்கள். பேட்டின் நிறத்தில் வந்தால் அதோடு நிறுத்துங்கள்.

நம்பர் தாண்டாதீர்கள். 50 விட்ட கீறலை 200 எடுக்காது, 800இல் வெளிச்சம் படும்போதுதான் கண்ணில் படும், அப்போது திரும்ப 100இலிருந்து வர வேண்டும்.

கப்பை உலர்ந்த நிலத்தில் ஓட்டினால் தூசு உறிஞ்சியும் நல்ல மாஸ்க்கும் வேண்டும், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. தண்ணீர் விட்டு ஓட்டினால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள்.

முழுக் காசும் முன்னுக்குக் கேட்டால் போனை வையுங்கள்.

அந்த ஆள் இப்போது வேறு பக்கப் பெயரில் ஓடுகிறான். வீடியோ பழையதுதான்: நீல டைல்ஸ் ஒட்டிய சுவர், கைபிடியில் கறுப்பு டேப் சுற்றிய பச்சைக் கிரைண்டர், கண்ணாடித் துண்டைக் கீறும் கை. செட் விலையை இப்போது 6,500 ஆகக் குறைத்திருக்கிறான். கல்முனையிலிருந்து ஒருவர் அதன் கீழே "விலை?" என்று கேட்டிருக்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவருக்கு அனுப்பி விடுங்கள்.