பஃபர் மீனுக்குப் பல் வெட்ட வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிறீர்களா? என் 4,800 ரூபாயும் போனது, மீனும் போனது

நேற்று விடியற்காலையில் குண்டு செத்துப்போனான். ஆத்திரம் ஆறினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

குண்டு எங்கள் வீட்டு பஃபர் மீன். பச்சை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட வகை. கடலோரத்தில் இந்தக் கூட்டத்தைப் பேத்தை என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினோம். "நல்ல தண்ணி மீனுக்கா, தீனி உருண்டை போட்டாப் போதும்" என்றார் கடைக்காரர். இரண்டுமே தப்பு. இது ஆறு கடலில் சேரும் இடத்து மீன், வளர வளர உப்புத் தண்ணீர் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு கடல்மீன் தொட்டிக்கு விற்கும் உப்பை வாங்கிக் கலந்தேன். பல்லைக் கவனிக்கவில்லை. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

பஃபருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலே பல். கிளி மூக்கு மாதிரி தடிமனாக இருக்கும், சாகும்வரை வளரும். வெளியில் வாழும்போது நத்தை, நண்டு என்று ஓட்டை நொறுக்கித் தின்பதால் தேய்ந்துகொண்டே வரும். நாங்கள் போட்ட உருண்டையிலும் ரத்தப்புழுவிலும் என்ன தேயும்? போன மாதம் பார்த்தால் மேல்பல் கீழ் உதட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. இறால் துண்டைப் போட்டால் ஓடி வருவான், முட்டுவான், வாய்க்குள் போகாது. மறுபடி முட்டுவான். வயிறு ஒட்டிப்போய்விட்டது.

இரண்டு கால்நடை மருத்துவர்களைக் கேட்டேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். அப்போதுதான் வளர்ப்புப் பிராணிகளுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு ஆப் கண்ணில் பட்டது. மீன் பல் வெட்டுவதற்கு என்று தனியாகவே போட்டிருந்தார்கள். வருகைக் கட்டணம் 800, மயக்க மருந்து கொடுத்து வெட்ட 4,000. ஆக 4,800 ரூபாய், முழுவதும் முன்கூட்டியே. என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. இருந்தாலும் பசியோடு முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கட்டிவிட்டேன்.

வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டு, கை கழுவிவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் போனான். குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தான். "பாவம்க்கா, பசியில இருக்கான்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் நம்பிவிட்டேன். போனில் வேறொரு பஃபருக்குப் பல் வெட்டிய வீடியோவும் காட்டினான். "நகம் வெட்டுற மாதிரிதான்க்கா, வலிக்காது." அப்புறம் பையைத் திறந்துகொண்டே, "அக்கா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் கை ஈரமாயிடும்" என்றான். சொன்னேன். வேலை முடிந்தது என்பதற்கான எண் அது என்று கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை.

ஒரு டப்பாவில் தண்ணீர் எடுத்து நீலமாக ஏதோ ஊற்றினான், மயக்க மருந்து என்றான். குண்டுவை அதில் விட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் மயங்கவே இல்லை, சுற்றிச் சுற்றி நீந்தினான். வந்த பையன் அப்படியே கையால் தூக்கிவிட்டான். வெளியே எடுத்ததும் மீன் காற்றை விழுங்கிப் பந்து மாதிரி உப்பியது. என் மகன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான், அவன் கத்தியேவிட்டான். சாதாரண நகவெட்டியால் இரண்டு வெட்டு. ஒன்று உதட்டோடு போய் ரத்தம் வந்தது. "கொஞ்சம் ரத்தம் வரும்க்கா, சகஜம்" என்று தொட்டியில் விட்டான். குண்டு வயிற்றை மேலே வைத்து மிதந்தான். மயக்கம் தெளிய நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மயங்காத மீனுக்கு என்ன மயக்கம் தெளியும்?

தரையில் சிந்திய நீலக் கறை இன்னும் போகவில்லை. ராத்திரி அதைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் அலமாரியிலேயே இருக்கும் மெத்திலின் ப்ளூ அது! பூஞ்சைக்கும் புண்ணுக்கும் போடுவது, மயக்கமே வராது. பல வருடமாக பஃபர் வளர்க்கும் ஒருவரிடம் பிறகு கேட்டேன். மயக்குவதற்கு அவர்கள் போடுவது கிராம்பு எண்ணெய். வெந்நீரில் நன்றாகக் குலுக்கி, தனி டப்பாவில் எடுத்த தொட்டித் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மீன் சாய்ந்த பிறகு ஈரத்துணியில் பிடித்து, சில நொடிகளில் நுனியை மட்டும் எடுத்துவிட்டு, காற்றுக்குழாய் ஓடும் தண்ணீரில் விடுவார்களாம். கிராம்பு எண்ணெய் என்றால் வீடே மணத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு வாசனையும் இல்லை.

மறுநாள் போன் செய்தேன். "தண்ணி மாத்துனீங்களாக்கா? உங்க தண்ணிதான் சரியில்ல." அடுத்த நாள், "வயசான மீன்க்கா." மூன்றாம் நாள் எடுக்கவே இல்லை. ஆப்காரர்களைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு குரல், முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு பெண், "மேடம், நீங்களே ஓடிபி கொடுத்து வேலை முடிஞ்சதா பதிவாகியிருக்கு, பணம் திருப்ப முடியாது" என்றார். மீன் செத்துவிட்டது என்றேன். "புரியுது மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா?" 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேலை முடியும்வரை ஓடிபி சொல்லாதீர்கள். மயக்க மருந்தின் பெயரைக் கேளுங்கள், நீலமாக இருந்தால் மீனைத் தொடவே விடாதீர்கள். பஃபரைத் தண்ணீருக்கு வெளியே உப்ப விடக் கூடாது, காற்றை விழுங்கினால் வெளியே விட முடியாமல் திணறும். பல் வளரும்வரை காத்திருக்காமல் நத்தை, ஓட்டோடு இறால், மட்டி என்று இன்றைக்கே போட ஆரம்பியுங்கள். வேறு எதுவும் இப்போது எழுத வரவில்லை.

பல் வெட்டியதும் கொடுக்கலாம் என்று ஒரு வாளி நத்தை வாங்கி வைத்திருந்தேன். பின்கட்டில் அப்படியே இருக்கிறது. பெரம்பூர் பக்கம் பஃபர் வைத்திருப்பவர்கள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம்.