பெட்டியில் 1964, உள்ளே 1990-கள்: ‘புது மோல்ட்’ மினி கூப்பர் எஸ் கிட் பற்றி ஒரு எச்சரிக்கை

1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஓட்டி ஜெயித்த சிவப்பு மினி கூப்பர் எஸ். வெள்ளைக் கூரை, கதவில் 37, நம்பர் பிளேட் 33 ஈஜேபி. ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல் கார் கிட் ஒன்றின் பெட்டி மேல் இருக்கிற படம் இதுதான். ‘முற்றிலும் புதிய மோல்ட் (பாகங்களை வார்க்கும் அச்சு), அசல் காரை லேசர் ஸ்கேன் செய்து உருவாக்கியது’ என்று விளம்பரம் செய்து முன்பணம் வாங்கினார்கள். வந்து சேர்ந்த 1/24 (நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவு) கிட்டில் இருப்பது அந்தக் கார் இல்லை. கம்பெனியின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே போடவில்லை. கீழே சொல்லும் அடையாளங்களை வைத்து எந்தக் கம்பெனியின் மினி கிட்டையும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

ஏமாற்று எங்கே என்று சட்டெனத் தெரியாது. காரணம், பெரிய அளவுகள் எல்லாம் சரி. நிஜக் காரின் நீளம் 3054 மி.மீ., அகலம் 1397, வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2036. 24-ஆல் வகுத்தால் 127.3, 58.2, 84.8. காலிபர் கருவியில் அளந்தால் கிட்டின் நீளம் 126.8, அகலம் 58, வீல்பேஸ் 84.6 என்று வருகிறது. கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் அச்சில் ஆறும்போது அரை சதவீதம் வரை சுருங்கும். இந்த அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுவது நியாயமில்லை. 1/25 உடலை 1/24 என்று விற்கும் பழைய தந்திரமும் இல்லை. அப்படி இருந்தால் நீளம் 122.2-க்கு இறங்கியிருக்கும், 5 மி.மீ. குறைவது கண்ணுக்கே தெரியும்.

சக்கரத்தில்தான் முதலில் மாட்டியது. 1964 மினிக்கு 10 அங்குல ரிம். அது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், 254 மி.மீ.; 1/24-இல் 10.6. வெளியே தெரியும் விளிம்பையும் சேர்த்து அளந்தால் இன்னும் ஒரு மி.மீ. போலக் கூடும், ஆனால் 12-ஐத் தாண்டக் கூடாது. இந்தக் கிட்டின் ரிம் விளிம்போடு 13.8. அப்படியென்றால் அது 12 அங்குல ரிம். மினி வரிசை முழுவதற்கும் 12 அங்குலச் சக்கரம் வந்தது 1984-இல்தான்.

டயரின் வெளிவட்டத்தை மட்டும் அளந்தவர்கள் ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. 10 அங்குல ரிம்மில் 145 மி.மீ. அகல டயர் மாட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ 490 மி.மீ. 12 அங்குலத்தில் அதே அகலத்தில் பக்கச் சுவர் குட்டையான 145/70 மாட்டினால் 508. 1/24-இல் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாறுவது டயரின் பக்கச் சுவர்தான். பழைய மினியில் கறுப்பு ரப்பர் தடித்துத் தெரியும், நடுவில் சின்ன ரிம். இந்தக் கிட்டில் ரப்பர் மெலிந்து ரிம் பெருத்திருக்கிறது. காரின் முகமே மாறிப்போகிறது. வெளிவட்டத்தை விடுங்கள், ரிம்மை அளந்து பாருங்கள்.

அடுத்து பின்பக்கம். 1967-இல் வந்த இரண்டாம் பதிப்பான மார்க் 2-வில் பின் கண்ணாடியும் பின் விளக்குகளும் பெரிதாயின. 1964 கார் மார்க் 1, இரண்டுமே சிறியவை. கிட்டில் பின் கண்ணாடித் திறப்பு பெரியது. விளக்கு மட்டும் சிறிய மார்க் 1 வகையைத் தனிப் பாகமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதை உடலில் ஒட்டாமல் வைத்துப் பாருங்கள்: சிறிய விளக்கைச் சுற்றி, பெரிய விளக்கு உட்காரும் தடம் ஒரு மெல்லிய கோடாக வெளியே தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரிகிறது. ஸ்கேன் செய்த காரின் தடம் அது. அழிக்காமல் விட்டுவிட்டார்கள்.

கதவு இதைவிட மோசம். மார்க் 1-இல் கதவுக் கீல்கள் வெளியே இருக்கும், கண்ணாடி நகர்த்தித் திறக்கும் வகை, இரண்டு தகடாக ஒன்றன்மேல் ஒன்று. உள்ளே கண்ணாடி இறக்கும் கருவி கிடையாது. அதனால்தான் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கதவுக்குள் அத்தனை பெரிய சாமான் பை. 1969-இல் தொடங்கிய மார்க் 3-இல் கதவு பெரிதானது, கீல் உள்ளே போனது, சுற்றி இறக்கும் கண்ணாடி வந்தது. கிட்டில் என்ன இருக்கிறது? பெரிய கதவு. உள்பக்கம் தட்டையான அட்டை, அதில் கண்ணாடி சுற்றும் கைப்பிடி. கண்ணாடி ஒரே துண்டு. நடுவில் ஒட்ட டீக்காலில் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) ஒரு கறுப்புக் கோடு. கீல்கள் நான்கு தனித் துண்டுகள். உடலில் அவை உட்கார ஒரு குழிகூட இல்லை, படத்தைப் பார்த்து உத்தேசமாக ஒட்ட வேண்டும்.

காரைத் திருப்பினால் சந்தேகமே மிச்சமில்லை. எக்ஸாஸ்ட் குழாயின் நடுவே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் புடைப்பு. 1990-களின் மினியில் இருந்தது, 1964-இல் இல்லவே இல்லை.

இது ஏன் நடக்கிறது? மினி 1959 முதல் 2000 வரை தயாரானது, 53 லட்சத்துக்கும் மேல். வெளித்தோற்றம் கடைசிவரை ஒரே குடும்பம். பிற்காலக் கார் சுலபமாகக் கிடைக்கும். நல்ல மார்க் 1 கூப்பர் எஸ் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். கையில் கிடைத்த காரை ஸ்கேன் செய்து, மூக்கையும் விளக்கையும் மாற்றி, புகழ்பெற்ற பந்தயக் காரின் டீக்காலை ஒட்டிவிட்டார்கள். ஸ்கேன் செய்தோம் என்பது பொய்யில்லை. எந்த வருடக் கார் என்பதை மறைத்ததுதான் மோசடி. 33 ஈஜேபி இன்றும் இங்கிலாந்தில் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்கள் கிடைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு வழியில்லாமல் இல்லை.

புகாருக்குக் கம்பெனி அனுப்பிய பதில்: ‘நீளம், அகலம், வீல்பேஸ் மூன்றும் துல்லியமானவை.’ அதை யாரும் கேட்கவில்லை. ரிம், கதவு, பின் கண்ணாடி பற்றி எழுதிய மூன்று கேள்விகளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. கடையோ, ஸ்ப்ரூ (பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) பையைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றது. பையைப் பிரிக்காமல் ரிம்மை எப்படி அளப்பது என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

அதனால் அடுத்த முறை, பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: எந்த வருடக் காரை அளந்தீர்கள், ரிம் விட்டம் எவ்வளவு, கதவுக் கண்ணாடி எந்த வகை? பதிலைச் சேமித்து வையுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். விளம்பரத்தில் வரும் வண்ணம் பூசிய மாதிரியை நம்ப வேண்டாம், ஸ்ப்ரூ படத்தையே கேளுங்கள். மொபைலில் ஒரு சாண் தூரத்தில் எடுத்த படத்தில் அருகிலுள்ள சக்கரம் ஊதித் தெரியும், அதில் அளவெடுப்பது வீண். மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து, நேர் பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். அதில் மில்லிமீட்டர் தேடாமல் விகிதம் பாருங்கள். மினிக்கு இது சுலபம்: வீல்பேஸ் என்பது பம்பரோடு சேர்ந்த நீளத்தில் மிகச் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ரிம் விளிம்பு, வீல்பேஸில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது. இந்தக் கிட்டில் ஆறில் ஒரு பங்கு வருகிறது. பெட்டி வந்ததும் பையைப் பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு: சக்கரத்தை மாற்றலாம், 10 அங்குல ரெசின் அல்லது 3டி பிரின்ட் சக்கரமும் டயரும் சேர்த்து வாங்குங்கள். பின் கண்ணாடித் திறப்பை உள்ளிருந்து 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் வைத்துக் குறுக்கி, புட்டி பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தேயுங்கள். அவசரப்பட்டால் ப்ரைமர் அடித்த பிறகு புட்டி உள்வாங்கி விளிம்பு பள்ளமாகும். கண்ணாடியைத் தெளிந்த ஷீட்டில் புதிதாக வெட்ட வேண்டும். கதவு ஜன்னலுக்கு 0.2 மி.மீ. தெளிந்த ஷீட் இரண்டு துண்டு, நடுவில் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல. கன்வெர்ட்டரை வெட்டிவிட்டு 2 மி.மீ.-க்கு உட்பட்ட ராடு போடுங்கள். கதவின் வெட்டுக்கோட்டை மாற்றுவது பெரிய வேலை, பழைய கோட்டை அடைத்துப் புதிதாகக் கீற வேண்டும். அதற்குச் செலவிடும் நேரத்தில் சரியான மார்க் 1 உடல் உள்ள வேறு கிட் வாங்குவதே லாபம். டீக்கால் ஷீட் மட்டும் உண்மையிலேயே நன்றாக அச்சாகியிருக்கிறது, 37-உம் நம்பர் பிளேட்டும் கூர்மை. அதை எடுத்து ஈரம் படாமல் வைத்துக்கொண்டு அந்த உடலில் ஒட்டுங்கள்.